தினமும் நடந்தும் பந்தியிலிருந்து எழும்ப முடியவில்லை

கடற்கரைவீதியான் | பெப்ரவரி 4

எனக்கு வயது 67. முப்பத்துமூன்று வருடங்கள் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற மறுகிழமையிலிருந்து, மாரி மழை கொட்டும் நாட்களைத் தவிர, விடியற்காலை ஐந்தரைக்கு திருகோணமலை டச்சு விரிகுடாக் கரையிலிருந்து புறப்பட்டு, கோட்டை வாசலுக்குள் நுழைந்து, அங்கே படுத்திருக்கும் மான்களை விலக்கிக்கொண்டு சுவாமிமலை ஏறி, கோணேசரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவது என் வழக்கம். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்குவதில்லை. பிரஷருக்கு ஒரு குளிசை மட்டும் எடுக்கிறேன். என்னுடைய உடம்பைப் பற்றி எனக்குள் ஒரு சிறு கர்வம் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

சென்ற மாதம் பாலையூற்றில் உறவினர் வீட்டில் நடந்த அந்தியேட்டி மரணச் சடங்குக்குப் போயிருந்தேன். பாயில் அமர்ந்து சாப்பிட்டு, இலையை மடித்து வைத்துவிட்டு எழும்ப முயன்றபோது கால்கள் என்னுடைய பேச்சைக் கேட்கவில்லை. வலி எதுவும் இல்லை, பலம்தான் இல்லை. வலது கையை நிலத்தில் ஊன்றினேன், அது சிந்திக் கிடந்த ரசத்தில் வழுக்கியது. அடுத்த பந்திக்குக் காத்துநின்றவர்களில் இரண்டு இளைஞர்கள் வந்து கமக்கட்டுக்குள் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். வாசலில் என்னை "வாங்கோ அங்கிள்" என்று வரவேற்ற அதே பையன், தூக்கும்போது "மெல்ல, தாத்தா" என்றான்.

அதன் பிறகு இரண்டு வீடுகளிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டுக்கும் மகளிடம் காசு உறையைக் கொடுத்தனுப்பிவிட்டு நான் போகாமல் நின்றுவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வைத்தியர் முழங்கால் தேய்வு வயதுக்கேற்ற அளவில்தான் இருக்கிறது என்கிறார். தினமும் ஒரு மணித்தியாலம் நடக்கிற மனிதனுக்கு நிலத்திலிருந்து எழும்ப முடியாமற்போவது எப்படி என்பதுதான் என்னுடைய கேள்வி. இங்கே அறிந்தவர்கள் இருந்தால் விளக்குங்கள்.

உப்புவெளி இயன்மருத்துவர் | பெப்ரவரி 5

ஐயா, உங்களுடைய நடையில் குறை எதுவும் இல்லை. அது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறது. மலையேறியும் மூச்சு வாங்காதிருப்பது அதனால்தான். ஆனால் நடக்கும்போது முழங்கால் சிறிதளவே மடிகிறது. தொடையின் முன்பக்கத் தசையும் பிட்டத்துத் தசையும் உடலின் முழுப் பாரத்தையும் அடியிலிருந்து மேலே தூக்க வேண்டிய தேவை அங்கே வருவதேயில்லை. பந்தியில் உங்களுக்கு வந்தது அந்தத் தேவைதான், அந்தத் தசைகளோ பல வருடங்களாக வேலை கொடுக்கப்படாமல் இருந்தவை.

முப்பது வயதைக் கடந்த பின், பத்து வருடங்களுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. இதற்கு இர்வின் ரோசன்பேர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் இறுதியில் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குச் சதைக் குறைவு என்று பொருள். முதலில் மெலிந்துபோவது விரைவாகச் சுருங்கி விசையைத் தரும் தசைநார்கள். மெதுவாக நீண்ட தூரம் நடப்பதற்குத் தேவையான நார்கள் ஓரளவு தாக்குப்பிடித்து நிற்க, திடீரென்று எழும்புவதற்கும் இடறும்போது காலை முன்னே வைத்து விழாமல் தப்புவதற்கும் தேவையானவை அவற்றுக்கு முன்பே கைவிட்டுப் போகின்றன. நடப்பவர்களுக்கு இது தெரியாமலே நடந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

உங்களை நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. கைப்பிடியில்லாத, இருக்கை ஏறத்தாழ பதினேழு அங்குல உயரமுள்ள ஒரு கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்து, அதன் நடுவில் அமர்ந்து, கைகளை நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். முப்பது விநாடிகளில் எத்தனை தடவை முழுமையாக எழும்பி நிமிர்ந்து மீண்டும் அமர முடிகிறது என்று யாராவது பக்கத்தில் நின்று எண்ணட்டும். 65 முதல் 69 வயது வரையான ஆண்களுக்கு 12க்குக் குறைந்தாலும், அதே வயதுப் பெண்களுக்கு 11க்குக் குறைந்தாலும் அதைச் சராசரிக்குக் கீழ் என்று கணிக்கிறோம். செய்து பார்த்து எழுதுங்கள். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கிண்ணியா வயல்காரன் | பெப்ரவரி 5

சகோதரி எழுதியதைக் குறைசொல்ல வரவில்லை, ஆனால் இதையெல்லாம் கதிரையில் எழும்பி இருந்து எண்ணுகிற அளவுக்கு நாம் எப்படி வந்தோம் என்று யோசிக்கிறேன். எங்கள் வாப்பா 82 வயதில் மௌத்தாகும் வரை உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். குந்தியிருந்து களை பிடுங்குவார், குந்தியிருந்து வெற்றிலை போடுவார், குந்தியிருந்தே விருந்தாளியோடு ஒரு மணித்தியாலம் கதைப்பார். கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளுவார். வேலை செய்கிற மனிதனுக்கு இந்தப் பயிற்சி எதற்கு?

இதை எழுதி முடித்துவிட்டுத் திரும்ப வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. எனக்கு 58. உழுவதற்கு டிராக்டர், வெட்டுவதற்கு மெசின், தண்ணீருக்கு மோட்டர், மலசலகூடத்தில் கொமட். வாப்பா செய்த வேலைகளில் எதை நான் செய்கிறேன்? ஐவேளைத் தொழுகையில் கட்டாயமான பர்ளு மட்டும் நாளைக்குப் பதினேழு ரக்அத். நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பி நிற்பது ஒன்றுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பள்ளிவாசலில் கதிரைகளே கிடையாது. இப்போது ஜும்ஆவுக்குப் போனால் தொழுகை வரிசையின் இரண்டு ஓரங்களிலும் பிளாஸ்டிக் கதிரைகள் நிற்கின்றன, அவற்றில் இருப்பவர்களில் சிலர் என்னைவிட இளையவர்கள். முழங்கால் உண்மையாகவே முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் அந்தச் சலுகை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நான் சொல்வது மற்றவர்களைப் பற்றி.

கடற்கரைவீதியான் | பெப்ரவரி 7

எட்டு. பேரன் எண்ணினான். ஒன்பதாவதுக்கு எழும்பும்போது கைகள் தாமாகவே தொடையில் ஊன்றிக்கொண்டன, அதனால் அதைச் சேர்க்க முடியாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலையில் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டேன் என்ற திருப்தியில் மிச்ச நாள் முழுவதையும் எங்கே கழிக்கிறேன் என்று இந்த இரண்டு நாட்களாகக் கவனித்தேன். அப்பாவுடைய காலத்துச் சாய்மனைக் கதிரை ஒன்று விறாந்தையில் கிடக்கிறது. பத்திரிகை, தேநீர், மதிய உறக்கம், பின்னேரச் செய்தி எல்லாம் அதற்குள்தான் நடக்கின்றன. அதிலிருந்து நான் எழும்புவதில்லை. இரண்டு கைச்சட்டங்களையும் பிடித்து என்னை நானே இழுத்தெடுக்கிறேன். இத்தனை வருடமாக அந்த வேலையைக் கால்கள் செய்கின்றன என்று நினைத்திருந்தேன்.

உப்புவெளி இயன்மருத்துவர் | பெப்ரவரி 8

ஐயா, எட்டு என்பது வெட்கப்படுவதற்குரிய எண் அல்ல, தொடங்குவதற்குரிய எண். மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்றைச் சொல்கிறேன். பொஸ்டன் நகரத்து முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்த, 86க்கும் 96க்கும் இடைப்பட்ட வயதுடைய பத்துப் பேரை மரியா ஃபியாதரோனே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எட்டுக் கிழமைகள் கால்களால் பாரம் தூக்க வைத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது கையை மெல்ல ஆட்டும் பயிற்சி அல்ல. ஒரு தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் 80 சதவீதம். அவர்களுடைய கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990ஆம் ஆண்டு அந்த ஆய்வு வெளிவந்தது. பயிற்சியை நிறுத்திய சில கிழமைகளில் பெற்ற பலத்தில் ஒரு பங்கு திரும்பவும் போய்விட்டது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. தொண்ணூறு வயதுத் தசையும் பாரத்துக்குப் பதில் சொல்லும்; கேட்பதை நிறுத்தினால் அதுவும் பதில் சொல்வதை நிறுத்திவிடும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், கிழமைக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்புத் தேவை என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி கிழமைக்கு இரண்டு நாட்களாவது வேண்டும் என்பதும், 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலையையும் பலத்தையும் சேர்த்துப் பழக்கும் பயிற்சி மூன்று நாட்களாவது வேண்டும் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றைப் பற்றிக் கிளினிக்கில் யாரும் கேட்பதில்லை. நடவுங்கள் என்று சொல்லி அனுப்புவது எங்களுக்கும் இலகுவாக இருக்கிறது.

உங்களுக்கு ஜிம் வேண்டாம். அதே கதிரையில் எழும்பி அமர்வதைக் கிழமைக்கு மூன்று நாட்கள், ஒன்றுவிட்ட ஒரு நாள், செய்யுங்கள். ஆறு தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி ஆறு, மறுபடி ஆறு. எழும்பும்போது வேகமாகவும் அமரும்போது மூன்று எண்ணும் வரை மெதுவாகவும் இருக்க வேண்டும். அமரும்போது கடைசிச் சாணில் 'பொத்'தென்று விழுவதுதான் அநேகரும் செய்யும் பிழை, பலம் வளர்வதோ அந்தக் கடைசிச் சாணில்தான். பத்துத் தடவை இலகுவாகிவிட்டால் பேரனுடைய புத்தகப்பையில் இரண்டு கிலோ அரிசியை வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். கடைசி இரண்டு தடவைகள் கடினமாக இருக்க வேண்டும். கடினம் வேறு, வலி வேறு என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்: தொடை எரிவது நல்லது, முழங்காலுக்குள் குத்துவதோ மறுநாள் வீங்குவதோ நல்லதல்ல.

இதோடு, சமையலறைக் கல்லைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்திப் பெருவிரலில் நிற்பதும், ஒரு பாதத்தின் குதிகாலை மற்றப் பாதத்தின் விரல் நுனியோடு முட்ட வைத்து நேர்கோட்டில் நிற்பதும் சேரட்டும். பிரஷர் குளிசை எடுப்பவர் என்பதால் ஒன்று: படுக்கையிலிருந்து எழும்பினால் சற்று அமர்ந்திருந்துவிட்டு நில்லுங்கள். எழும்பி நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல்பிரஷர் 20 அலகு இறங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விழுந்த பிறகுதான் அது தெரியவருகிறது. அடுத்த கிளினிக்கில் இருந்தும் நின்றும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிலத்திலிருந்து எழும்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சம்மணத்திலிருந்து நேரே மேலே எழும்ப முயலாதீர்கள். ஒரு பக்கமாகத் திரும்பி, இரண்டு கைகளும் இரண்டு முழங்கால்களும் நிலத்தில் படும்படி தவழும் நிலைக்கு வாருங்கள். பலமான காலின் பாதத்தை முன்னே வைத்து, அந்தத் தொடையின் மேல் கைகளை ஊன்றி எழும்புங்கள். முதலில் கட்டிலின் ஓரத்தில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது பழகுங்கள். ரசம் சிந்தாத இடமாகவும் இருக்கட்டும்.

மனையாவெளி மகள் | பெப்ரவரி 8

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி, அக்கா. என்னுடைய அம்மாவுக்கு 74 வயது, சுத்த சைவம். கதிரையில் எழும்பி இருக்கச் சொன்னால் ஐந்தைத் தாண்ட மாட்டார். லண்டனில் இருக்கும் அண்ணா, டின்னில் வரும் புரத மா வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அப்பா போய் இரண்டு வருடங்கள் ஆகின்றன. அம்மா இப்போது வீட்டை விட்டு வெளியே போவதில்லை. கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்கிறார். "பால் வாங்கவோ?" என்றால் "அவன் நேற்றே போயிட்டான்" என்கிறார். அண்ணாவும் அக்காவும் வாட்ஸ்அப்பில் கதைத்தால் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் தந்துவிடுகிறார். மறதி நோய் தொடங்கிவிட்டது, முதியோர் இல்லம் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்தபடியே அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உப்புவெளி இயன்மருத்துவர் | பெப்ரவரி 9

டின்னைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை என்னைவிட அறிந்தவர்கள் சொல்லட்டும். வயதானவர்களுக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்பது இன்றைய பரிந்துரை. உங்கள் அம்மா ஐம்பது கிலோ நிறையுள்ளவரானால் அவருக்கு 50 முதல் 60 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் இரவில் என்ன சாப்பிடுகிறார் என்று நான் ஊகிக்கிறேன்: இரண்டு துண்டுப் பாணும் பிளேன்ரீயும். அதில் ஐந்து கிராம் புரதம் இருந்தாலே அதிகம். காலையில் அவித்த கௌபியோ பயறோ கடலையோ ஒரு கோப்பை, மதியம் தண்ணீராக இல்லாமல் கட்டியாகப் பருப்பு, இரவில் பாலோ தயிரோ சேர்ந்தால் டின் தேவைப்படாது. மீன் சாப்பிடும் வீடுகளில் பிரச்சினையே இல்லை, நூறு கிராம் மீனில் இருபது கிராம் இருக்கிறது; ஆனாலும் இந்தக் கரையில் இருந்துகொண்டு பெரிய துண்டைப் பேரப்பிள்ளைக்கு வைத்துவிட்டுச் சொதியோடு சாப்பாட்டை முடிக்கும் அம்மம்மாக்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரக வருத்தம் இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாமாகப் பின்பற்றக் கூடாது. நம்முடைய மாவட்டத்திலேயே பதவிசிறிபுரப் பக்கம் அந்த நோய் எவ்வளவு பேரைப் பிடித்திருக்கிறது என்று அறிவோம். இரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு வைத்தியரிடம் கேட்டுக் கூட்டுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, உவர்மலை | பெப்ரவரி 9

மகள், உன் அம்மாவை ஒரு அறையில் உனக்கு முதுகு காட்டி இருக்க வைத்து, பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார். பிறகு முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, அதே குரலில் அதே கேள்வியைக் கேள். இரண்டுக்கும் பதில் வேறாக இருந்தால் நீ போக வேண்டிய இடம் முதியோர் இல்லம் அல்ல, காது மூக்கு தொண்டைக் கிளினிக். 'பால்' என்று நீ கேட்டது அவருக்கு 'பாலன்' என்றோ வேறெதுவாகவோ கேட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்வது காது கேளாதவர்கள் தங்கள் மானத்தைக் காத்துக்கொள்ளும் வழி. நாற்பது வருடம் வார்ட்டுகளில் நின்றவள் சொல்கிறேன், மறதி என்று எழுதி அனுப்பப்பட்டவர்களில் சிலருடைய காதில் இருந்தது வெறும் குறும்பி.

காதையும் மறதியையும் நான் விளையாட்டாகச் சேர்க்கவில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் ஏறத்தாழ 45 சதவீதமான நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்திருக்கிறது. கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு, உடலுழைப்பின்மை, தனிமை, மனச்சோர்வு, பிரஷர், சலரோகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. கேட்காத காது மனிதரைக் கூட்டத்திலிருந்து விலக்குகிறது. விலகிய மனிதருடைய மூளைக்குத் தொலைக்காட்சியைத் தவிர வேறு வேலை இல்லாமற்போகிறது. அம்மா சீனிக்கு மெட்ஃபோமின் எடுப்பவராக இருந்தால் பி12 அளவையும் பார்க்கச் சொல். அந்தக் குளிசை நீண்டகாலத்தில் பி12ஐக் குறைக்கலாம், சைவச் சாப்பாட்டிலும் அது குறைவு, அது குறைந்தால் மறதியும் கால்மரப்பும் தள்ளாட்டமும் வரும்.

இன்னொன்று மனச்சோர்வு. நம்முடைய அம்மாக்கள் 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கை கால் உளைவு, நித்திரை வருகுதில்லை, வாய்க்கு ஒன்றும் பிடிக்குதில்லை என்றுதான் வருவார்கள். அவர்களுக்கு நோவுக் குளிசையைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். திருகோணமலையில் எங்களுடைய தலைமுறை எதைக் கடந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிறு பிள்ளையாக 1964 மார்கழிப் புயலைப் பார்த்தவர்கள், 1990இல் யுத்தத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியவர்கள், 2004இல் கடல் வந்தபோது யாரையாவது கொடுத்தவர்கள் இப்போது எழுபதுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் படிப்பிக்கவும் கட்டிக்கொடுக்கவும் ஓடிக்கொண்டிருந்தவரை அதையெல்லாம் நினைக்க நேரம் இருக்கவில்லை. வேலை ஓய்ந்து, துணையும் போன பிறகு இரவில் அது எழும்பி வருகிறது. கணவரை இழந்து இரண்டு வருடங்கள் கழிந்தும் வெளியே வராதிருப்பதை 'வயது போனால் அப்படித்தான்' என்று விட்டுவிடாதே. மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதில் வெட்கம் எதுவும் இல்லை. போக மறுத்தால் முதலில் நீயே 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கு எடுத்துக் கதைத்துப் பார்.

கடற்கரைவீதி ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டுத் தடவை என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டு வீடுகளுக்குக் காசு உறையைக் கொடுத்தனுப்பியதுதான் பெரிதாகப் படுகிறது. அடுத்த அழைப்புக்குப் போங்கள். பாயில் இருக்க முடியாவிட்டால் கதிரை கேளுங்கள்.

கடற்கரைவீதியான் | பெப்ரவரி 10

கதிரை கேட்பது, தாத்தா என்று கூப்பிடப்படுவதைவிடக் கடினம், மிஸி.

கிண்ணியா வயல்காரன் | பெப்ரவரி 21

இரண்டு கிழமையாக நானும் எண்ணிப் பார்க்கிறேன், பதின்மூன்று. 58 வயதுக்கு இது எப்படி என்று சகோதரியிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, அறுபதைத் தொட்டவர்களுக்கே 14 வேண்டும் என்று வேறோர் இடத்தில் வாசித்துவிட்டேன்.

விழுவதைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் பெரியம்மா சென்ற வருடம் சுபஹுத் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுளூ எடுக்கப் போய்க் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்தார். சத்திரசிகிச்சை சரியாக நடந்தது. ஆனால் படுக்கையில் கிடந்த அந்த இரண்டு மாதங்களில் கால் இரண்டும் ஈர்க்கில் போல ஆகிவிட்டன, திரும்ப நடக்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் குளியலறை வாசலில் ஒரு அங்குலப் படி, உள்ளே வழுவழுப்பான டைல்ஸ், மின்குமிழின் ஆளி வெளியே எட்டாத உயரத்தில். வீடு கட்டும்போது டைல்ஸுக்குக் கொடுத்த காசில் பத்தில் ஒரு பங்கு செலவழித்திருந்தால் சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பி போட்டிருக்கலாம். இப்போது போட்டிருக்கிறோம்.

உப்புவெளி இயன்மருத்துவர் | பெப்ரவரி 22

பெரியம்மாவுக்கு நடந்ததை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். முறிந்த எலும்பு பொருந்திவிடுகிறது. அதற்குள் தசை போய்விடுகிறது. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு கிழமையும் முதியவர் ஒருவருக்கு எவ்வளவு விலை என்று உறவினர்களுக்குப் புரிவதில்லை, 'பாவம், ஆறுதலாகக் கிடக்கட்டும்' என்று அன்பினால்தான் சொல்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் அனுமதித்த நாளிலேயே எழுப்பி நிறுத்த வேண்டும். உங்களுடைய பதின்மூன்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அண்ணா. பதவல் அள்ளுவதையாவது மெசினிடம் விடாதீர்கள்.

மனையாவெளி மகள் | மார்ச் 19

இரண்டு காதிலும் குறும்பி இருந்தது. எடுத்த பிறகும் வலது காதில் கேள்விக் குறைவு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. கருவி போட அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, 'சனம் என்ன சொல்லும்' என்கிறார். பி12 குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். மனநலக் கிளினிக்குக்கு ஒரு தடவை வந்தார், இரண்டாம் தடவைக்கு இன்னும் இழுபறி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் ஒரு செய்தி உண்டு. பக்கத்து வீட்டு அம்மா வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்பாள் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பவர். பூவையும் நாரையும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, "எனக்குக் கண் தெரியுதில்லை, இந்த முடிச்சை ஒருக்காப் போட்டுத் தாருங்கோ" என்று கேட்டார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். அம்மா மூன்று கிழமையாகக் கட்டுகிறார். நிலத்தில் அமர்ந்துதான் கட்டுகிறார், எழும்புவதற்கு அக்கா சொன்ன தவழும் முறையைப் பழகியிருக்கிறார். சென்ற கிழமை முடிச்சுத் தளர்வாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவைக் கண்டித்ததைக் கேட்டபோது பழைய அம்மாவின் குரல் கேட்டது. அண்ணா அனுப்பிய டின் காசில் கௌபியும் கடலையும் வாங்கினேன், மிச்சம் இருக்கிறது.

கடற்கரைவீதியான் | மே 11

பதின்மூன்று கிழமைகள் ஆகிவிட்டன. இப்போது பன்னிரண்டு தடவை. ஏப்ரலில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்ததில் பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு இறங்கி, பிறகு ஏறி வந்த பன்னிரண்டு. புத்தகப்பையில் இப்போது மூன்று கிலோ. பேரன் இன்னும் கண்டிப்பாகவே எண்ணுகிறான். சாய்மனைக் கதிரையை எறிய மனம் வரவில்லை, ஆனால் பத்திரிகை வாசிப்பதை முற்றத்து வாங்குக்கு மாற்றிவிட்டேன். அதில் கைச்சட்டம் கிடையாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அதே பாலையூற்றில் ஒரு வருடாந்தத் திவசம். போனேன். பாயில் இருந்தேன். சாப்பிட்டு முடித்துத் தவழும் நிலைக்குத் திரும்பியபோது, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து எதிர்ப்பந்திக்காரர் ஒருவரும் குனிந்து நிலத்தைப் பார்த்தார். இடது பாதத்தை முன்னே வைத்து, தொடையில் கையை ஊன்றி எழும்பிவிட்டேன். அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. எனக்குப் பக்கத்தில் இருந்த, என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த நண்பர் அப்போதும் பாயில்தான் இருந்தார். ஒரு கையை மேலே நீட்டி என்னைப் பார்த்தார். அவரைத் தூக்க எனக்கும் ஓர் இளைஞனின் உதவி தேவைப்பட்டது.

அவரும் இப்போது காலையில் என்னோடு நடக்க வருகிறார். மலை ஏறுவதற்கு முன், கோட்டை வாசலுக்குள் இருக்கும் கட்டின் மேல் இருவரும் ஆறு ஆறு தடவை எழும்பி இருக்கிறோம். மான்கள் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கட்டின் உயரம் பதினைந்து அங்குலம்தான் இருக்கும் போலத் தெரிகிறது. பதினேழில் பன்னிரண்டு செய்பவனுக்குப் பதினைந்தில் எத்தனை வந்தால் போதும் என்று இயன்மருத்துவர் அம்மா சொன்னால் உதவியாக இருக்கும். நண்பருக்கு நான்கு வருகிறது.